வேலை மெனக்கெடாத தியானம்

தியானத்துக்கு வேண்டிய எல்லாமே கண்டியில் இருக்கின்றன. மலை, காடு, ஏரி, மணியோசை, உலகம் முழுவதும் தியான நூல் அனுப்பும் ஒரு பதிப்பகம், பத்து நாள் வாய் திறக்கவிடாத ஒரு நிலையம். இல்லாதது நேரம் ஒன்றுதான். நாலு பக்கமும் மலை; உள்ளே வர வழிகள் சில, வர விரும்பும் வாகனங்கள் பல. கட்டுகஸ்தோட்டையில் பஸ் ஏறியவர் மஹியாவையைத் தாண்டுவதற்குள் ஓய்வூதிய வயதை எட்டிவிடுவார் என்று சொல்வது மிகை. ஆனால் பெரிய மிகை அல்ல. ஆகவே கண்டிவாசிக்கு ஏற்ற தியானம் நேரம் ஒதுக்கிச் செய்வது அல்ல, ஏற்கெனவே வீணாகிக்கொண்டிருக்கும் நேரத்தில் செய்வது.

இதற்குச் சாத்திர ஆதாரமும் உண்டு. பாளி மொழியிலுள்ள பௌத்த உரைத்தொகுப்பான மஜ்ஜிம நிகாயத்தின் பத்தாவது சூத்திரமான சதிபட்டான சூத்திரம், உட்கார்ந்து மூச்சைக் கவனிக்க மூன்று இடங்களைச் சொல்கிறது: காடு, மரத்தடி, ஆளில்லாத வீடு. முதல் இரண்டையும் கண்டியில் தேடிப் பிடிக்கலாம். மூன்றாவது சிரமம். எசல பெரஹரா காலத்தில் கண்டியில் வீடு வைத்திருப்பவருக்கு, அதுவரை தெரியாத சித்தப்பா மக்கள்கூட வந்து சேருவார்கள். ஆனால் அதே சூத்திரம் அதோடு நிற்கவில்லை. நடத்தல், நிற்றல், உடுத்தல், உண்ணுதல், மெல்லுதல், பேசுதல், பேசாதிருத்தல் எல்லாவற்றையும் தெளிந்த கவனத்தோடு செய்யச் சொல்கிறது. மலசலம் கழிப்பதைக்கூட அது விட்டுவைக்கவில்லை. கூட்டுக் குடும்பத்தில் தாழ்ப்பாள் உள்ள ஒரே அறை குளியலறை என்பதால், ஆளில்லாத வீடு என்ற நிபந்தனையும் அங்கேயே நிறைவேறிவிடுகிறது. வெளியே யாராவது கதவைத் தட்டினால் அதையும் ஓர் ஓசையாகக் கவனிக்கலாம்.

இந்தச் சூத்திரத்தை இருபதாம் நூற்றாண்டில் உலகறியச் செய்தவர்களில் ஒருவர் கண்டியில்தான் வாழ்ந்தார். ஜெர்மனியில் 1901இல் பிறந்த ஞானபோனிக்க தேரர் 1936இல் இலங்கைக்கு வந்து துறவியானார். இரண்டாம் உலகப் போர் மூண்டதும், ஜெர்மானியர் என்பதற்காகப் பிரித்தானியர் அவரைப் பிடித்து முதலில் தியத்தலாவையிலும் பிறகு இந்தியாவின் டேராடூனிலும் முகாமில் வைத்தார்கள். முள்வேலிக்குள் இருந்த அந்த ஆண்டுகளில் சதிபட்டானம் பற்றிய நூற்பகுதிகளை அவர் தொகுத்து மொழிபெயர்த்தார். மஹியாவையில் நிற்கும் பஸ்ஸில் இருப்பவர்கள் இதை நினைத்து ஆறுதல் கொள்ளலாம். பின்னர் தலதா மாளிகைக்குப் பின்னாலுள்ள உடவத்தகலைக் காட்டின் ஆசிரமத்தில், 1994இல் காலமாகும்வரை இருந்தார். அவர் வலியுறுத்தியது மிக எளிய ஒன்று: நடப்பதை நடப்பதாகவே பார்ப்பது, அதற்கு உடனே தீர்ப்பு எழுதாமல் இருப்பது. 1958 ஜனவரி 1ஆம் திகதி நண்பர்களோடு சேர்ந்து அவர் தொடங்கிய பௌத்த வெளியீட்டுச் சங்கம், சில சிறுநூல்களோடு முடித்துக்கொள்ளும் எண்ணத்தில் ஆரம்பமானது. இன்றும் ஏரிக்கரையில் சங்கராஜ மாவத்தையில் அது இயங்குகிறது. பற்றை விடச் சொல்லும் நூல்களைப் போட்டவர்களாலேயே நூல் போடுவதை விட முடியவில்லை என்று கொள்ள வேண்டும்.

நடைமுறைக்கு வந்தால், முதல் தியானக் கூடம் பஸ்தான். நிற்பவர் இரண்டு பாதங்களிலும் உடலின் பாரம் எப்படி மாறி மாறி இறங்குகிறது என்று கவனிக்க வேண்டும். கண்டியின் வளைவுகளில் இதற்குப் பஞ்சம் இல்லை. கொண்டக்டர் ஐம்பது, நூறு ரூபாத் தாள்களை நீளவாட்டில் மடித்து விரலிடுக்குகளில் செருகிக்கொண்டு, "இஸ்ஸரஹட்ட யன்ன, முன்னுக்குப் போங்க" என்று இரு மொழியிலும் முழங்குவார். முன்னால் இடமில்லை என்பது அவருக்கும் தெரியும். அவர் குரலை மந்திரமாக எடுத்துக்கொள்பவர்களுக்கு நாள் நன்றாகப் போகும். இதைவிட உயர்ந்த பயிற்சி மிச்சக் காசு. நூறு ரூபாவை நீட்டிவிட்டு மீதிக்காகக் காத்திருக்கும் மனம் எதையெல்லாம் செய்கிறது என்று பார்க்க வேண்டும். முதலில் நம்பிக்கை, பிறகு சந்தேகம், பிறகு கொண்டக்டரின் முதுகையே வெறிக்கும் ஒருவகைக் கோபம். கோபம் எழுகிறது, சற்று நிற்கிறது, மறைகிறது. சில வேளை மிச்சக் காசும் மறைந்துவிடுகிறது.

அடுத்தது நடை. கண்டி ஏரியைச் சுற்றிய பாதை மூன்று கிலோமீற்றருக்குச் சற்று அதிகம். வயலாகக் கிடந்த நிலத்தை அணைகட்டி 1807இல் ஏரியாக்கியவர் கடைசி மன்னன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன். பிறந்தபோது கண்ணுசாமி. 1815இல் பிடிபட்டு, பிறகு வேலூருக்கு அனுப்பப்பட்டார். அங்கே நடக்க வேண்டிய அளவு நேரம் கிடைத்தது, ஏரி இல்லை, கோட்டை அகழிதான். இப்போது அவருடைய ஏரியைச் சுற்றிக் காலையில் வேகநடை போடுபவர்களில் பலர், காதில் கருவியை மாட்டிக்கொண்டு காணிப் பிரச்சினை பேசிக்கொண்டே போகிறார்கள். தியான நடைக்கு ஏரி முழுவதும் தேவையில்லை. இரண்டு மரங்களுக்கு இடையே, கால் எழுவதையும் நகர்வதையும் பதிவதையும் கவனித்தால் போதும். மெதுவாக நடப்பவரைப் பார்த்தால் ஓட்டோக்காரர்கள் நிறுத்தி, "எங்க போகணும்?" என்று கேட்பார்கள். எங்கும் போகவில்லை என்ற பதில் தத்துவப்படி சரி, ஆனால் அவர்களைத் திருப்திப்படுத்தாது. கரையில் வெயில் காயும் கபரகொய்யா மட்டும் எதுவும் கேட்காது. அது மணிக்கணக்காக அசையாமல் இருக்கும். ஞானம் பெற்றதாக அதன் முகத்தில் அடையாளம் இல்லை. அசையாமல் இருப்பது வேறு, கவனம் வேறு என்பதை விளக்க ஆசிரியர்கள் அதைக் காட்டலாம்.

உண்பதில் பயிற்சி வேண்டுமென்றால் மேற்கில் உலர்ந்த திராட்சை ஒன்றைக் கொடுத்து, உருட்டிப் பார்த்து, முகர்ந்து, மெல்லச் சொல்கிறார்கள். அமெரிக்காவில் 1979இல் ஜோன் கபட்-சின் நோயாளிகளுக்காகத் தொடங்கிய மன அழுத்தக் குறைப்புப் பயிற்சியால் பரவிய முறை அது. கண்டியில் திராட்சைக்குச் செலவு செய்வானேன்? பிளேன்டீயும் உள்ளங்கையில் ஒரு துண்டு கித்துள் கருப்பட்டியும் இருக்கின்றன. கருப்பட்டியை ஒரு கடி, தேநீர் ஒரு வாய். கசப்பு வரும் இடத்தில் இனிப்பு கரைவதையும், புகைமணம் மூக்கில் ஏறுவதையும், கை தானாகவே அடுத்த துண்டைத் தேடுவதையும் கவனிக்கலாம். கடைசியாகச் சொன்னதைத்தான் பௌத்தர்கள் தண்ஹா, அதாவது வேட்கை, என்கிறார்கள்.

வங்கி வரிசை, ஆஸ்பத்திரி வரிசை, பிரதேச செயலக வரிசை மூன்றுக்கும் ஒரே முறை: மூச்சு. பர்மாவின் மகாசி சயாதோ கற்பித்தபடி வயிறு எழுவதையும் தாழ்வதையும் கவனித்தால் போதும், கண்ணை மூட வேண்டாம். மூடினால் பின்னால் வந்தவர் முன்னால் போய்விடுவார். வீட்டில் தேங்காய் துருவுவது நல்ல பயிற்சி, கவனம் பிசகினால் விரல் உடனே தெரிவித்துவிடும்.

இடையூறுகள் பல. முதலாவது தூக்கம். மதியச் சோற்றுக்குப் பிறகு செய்யப்படும் தியானத்தில் பெரும்பகுதி இந்த வகையைச் சேர்ந்தது, குறட்டையால் பிரித்தறியலாம். அடுத்தது அட்டை. மழை நாளில் உடவத்தகலையில் மரத்தடி தேடிப் போகிறவர்களுக்கு இது கிடைக்கும். அட்டை கடிப்பது பெரும்பாலும் வலிக்காது. எனவே விழிப்பைச் சோதிக்க இதைவிட நேர்மையான பரீட்சகர் கிடையாது. ஏறும்போதே தெரிந்தால் பயிற்சி முன்னேறுகிறது. காலுறையில் இரத்தம் பார்த்த பிறகு தெரிந்தால் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

வேலைக்குப் போகிறவர்களுக்கு இதெல்லாம் சரிவராது என்பவர்கள் ஊ பா கின்னை அறிந்திருக்க வேண்டும். சுதந்திர பர்மாவின் தலைமைக் கணக்காளராக இருந்தவர் அவர். தம் அலுவலகத்திலேயே ஊழியர்களுக்குத் தியானம் கற்பித்தார். ஒற்றைத் தலைவலி தீர வேண்டுமென்று வந்த இந்திய வம்சாவளி வியாபாரி ஒருவரை, தர்மத்தைத் தலைவலி மாத்திரையாக்க வேண்டாம் என்று முதலில் ஏற்க மறுத்தார். அந்த வியாபாரிதான் 1969இல் இந்தியாவில் விபஸ்ஸனா முகாம்களைத் தொடங்கிய கோயங்கா. அவருடைய வழியில் நடக்கும் ‘தம்ம கூட’ நிலையம், தொடக்கத்தில் சொன்ன அந்தப் பத்து நாள் மௌன நிலையம், பேராதனைக்கு அப்பால் ஹிந்தகலை மலையில் இருக்கிறது.

கொஞ்சம் தளர்வாக வேண்டுவோருக்கு, கலஹா பஸ்ஸில் போய் ஒபிஸ் சந்தியில் இறங்கி, தேயிலைக்கு நடுவே ஏறினால் நில்லம்பை நிலையம். அங்கே நெடுங்காலம் கற்பித்த கொட்வின் சமரரத்ன (1932–2000) துறவியல்ல, சாதாரண இல்லத்து மனிதர். அன்றாட வாழ்க்கையிலேயே பயிற்சி நடக்க வேண்டும் என்பதுதான் அவர் திரும்பத் திரும்பச் சொன்னது. ‘தம்ம கூட’விலோ பத்து நாளும் அதிகாலை 4 மணிக்கு மணி அடிக்கும். போனை நுழையும்போதே ஒப்படைத்துவிட வேண்டும். கட்டணம் இல்லை, முடித்தவர்கள் விரும்பினால் நன்கொடை கொடுக்கலாம். போகிறவர்கள் முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும். பேராதனை வீதி நெரிசலுக்கென்று ஒரு மணித்தியாலம் கூடுதலாக வைத்துக்கொண்டு புறப்படுவதும் நல்லது.