வரிமுதல் வெற்றிடம்: தோற்றமும் திணையும் வழக்கும்

நிரல் வரி ஒன்றின் இடப்பக்கத்தில் இருக்கும் வெற்றிடமே இவ்வாய்வின் பொருள். அதில் ஒன்றும் இல்லை. ஒன்றும் இல்லாததைப் பற்றி இத்தனை பக்கமா என்று கேட்போர், நம் பல்கலைக்கழக நூலகங்களில் ஆய்வேடுகள் அடுக்கிய அலமாரியை ஒருமுறை பார்த்துவிட்டு வந்து கேட்கலாம்.

ஆய்வின் தேவை பற்றி ஒரு பத்தி எழுதுவது மரபு. எழுதுகிறோம். தமிழ்ச் சொற்களை வெறும் யூனிகோடு எண் வரிசைப்படி கணினி அடுக்கினால், ஆய்தம் அகரத்துக்கு முன்னால் வந்து நின்றுகொள்ளும். மெய்களில் கடைசியாக வரவேண்டிய றன்னகரம் தந்நகரத்துக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிடும். இதைச் சரிசெய்யும் பேட்ச் ஒன்றைக் கட்டற்ற மென்பொருள் திட்டம் ஒன்றுக்கு இக்கட்டுரையாளர் அனுப்பிவைத்தார். பல வாரம் கழித்துப் பதில் வந்தது. ஆய்தத்தைப் பற்றி அதில் ஒரு சொல் இல்லை. றன்னகரத்தைப் பற்றியும் இல்லை. நீங்கள் டேப் வைத்திருக்கிறீர்கள், நாங்கள் ஸ்பேஸ்தான் வைப்போம், தவிரவும் ஒரு வரியின் கடைசியில் ஒரு ஸ்பேஸ் தொங்குகிறது என்று மட்டும் இருந்தது. டிஃப் எடுத்துப் பார்த்தால் உண்மைதான்: அரைப்புள்ளிக்கு அப்பால், ஓர் எழுத்தளவு அகலத்தில், சிவப்பாக ஒரு கட்டம். தமிழின் முதல் எழுத்து எது என்ற வழக்கு அக்கட்டத்தின் பொருட்டு ஒத்திவைக்கப்பட்டது. ஆய்வின் தேவை இதனால் இனிது விளங்கும்.

இனிக் காலம். வெற்றிடத்தின் காலத்தை வரையறுப்பதில் அறிஞரிடையே ஒருமித்த கருத்து இல்லை. ஒருமித்துவிட்டால் அடுத்த கருத்தரங்கு நடக்காது. துளையட்டைக் காலத்து ஃபார்ட்ரானில் முதல் ஐந்து பத்திகள் வரி எண்ணுக்கு, ஆறாவது தொடர்ச்சிக் குறிக்கு. கட்டளை ஏழாம் பத்தியில்தான் தொடங்கும். எல்லார்க்கும் ஒரே வெற்றிடம், சண்டைக்கு வழியில்லை. ஆகவே அது பொற்காலம் என்க. தட்டச்சுப் பொறியில் அட்டவணை அடிக்க ஏற்பட்ட டேப், 1963-இல் வந்த ஆஸ்கிக் குறிமுறையில் 9 என்ற எண்ணைப் பெற்றது. ஸ்பேஸ் 32-ஐப் பெற்றது. இரண்டும் கண்ணுக்குத் தெரியா. தெரியாத விதத்தில் இரண்டுக்கும் வேறுபாடு உண்டென்பது கூர்த்த மதியினர்க்கே புலப்படும்.

1976-இல் பெல் ஆய்வகத்தில் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் 'மேக்' என்ற கருவியை எழுதினார். அதில் கட்டளை வரி டேப்பில்தான் தொடங்க வேண்டும், ஸ்பேஸ் செல்லாது. இது வம்பு என்று சில வாரத்திலேயே அவருக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் அதற்குள் பத்துப் பன்னிரண்டு பேர், பெரும்பாலும் நண்பர்கள், அதைப் புழங்கத் தொடங்கியிருந்தார்கள். அவர்களை ஏன் சிரமப்படுத்த வேண்டும் என்று அப்படியே விட்டுவிட்டார். அந்தப் பத்துப் பன்னிரண்டு பேருக்காக உலகமே இன்றுவரை மேக்கோப்பில் டேப் அடித்துக்கொண்டிருக்கிறது. முகதாட்சண்யம் தொழில்நுட்பத் தரநிலையாக மாறிய வரலாறு இது.

தொல்லியல் சான்றும் உண்டு. ஓரளவு புழங்கிய விசைப்பலகை எதையும் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்க்க. ஸ்பேஸ் விசையில் வலது கட்டைவிரல் படும் இடம் மட்டும் தேய்ந்து பளபளவென்றிருக்கும்; இடது பாதி கடையிலிருந்து வந்த நாளில் இருந்த சொரசொரப்போடு அப்படியே இருக்கும். டேப் விசையின் மேல் மெல்லிய தூசி. இதைக்கொண்டு ஸ்பேஸ் கட்சியினரே தொன்மையானவர் என்று முடிவுகட்டுவது அவசரம். விசைப்பலகையைக் கழற்றி மாட்டுவதையே பொழுதுபோக்காகக் கொண்டோர் அறிந்த அளவுகளைக் காண்போம்: சாதாரண எழுத்து விசையின் அகலம் ஒன்று என்றால், டேப் 1.5, ஸ்பேஸ் 6.25. வகுத்தால் 4.17. ஆகவே ஒரு டேப்புக்கு நான்கு ஸ்பேஸ் என்பது விசைப்பலகையிலேயே பொறிக்கப்பட்டுள்ளது. எஞ்சிய 0.17 மேலாய்வுக்கு உரியது.

நூற்சான்றுக்கு வருவோம். இத்துறையின் முதனூல் ஓலைச்சுவடியாகக் கிடைத்துள்ளது. அதன் ஏடுகள் எல்லாமே வெற்றேடுகள். ஆதலால் செல்லரித்தும் ஓரெழுத்தும் இழக்காமல், பாடபேதம் ஒன்றுமில்லாமல், முழுமையாகக் கிடைத்த ஒரே நூல் இதுவாகும். நூற்பெயரும் ஆசிரியர் பெயரும் சுவடியில் எவ்வாறு உள்ளனவோ அவ்வாறே இங்கும் தரப்பட்டுள்ளன. இதற்கு உரை மூன்று. முதல் ஏட்டின் வெறுமை ஒரு டேப் என்பார் மேலை உரைகாரர். அன்று, அது எட்டு ஸ்பேஸ் என்பார் கீழை உரைகாரர். மூன்றாமவர் இருவரையும் மறுத்து, அது இடைச்செருகல் என்பார். வெற்றேட்டில் எதை எங்கே செருகினார்கள் என்பதை அவர் தம் உரையின் இரண்டாம் தொகுதியில் விளக்குவதாக வாக்களித்திருக்கிறார். மேலையார் மாணவர்கள் கீழையார் மாணவர்களின் வாய்மொழித் தேர்வுக்கு வருவதில்லை. சுவடியை நேரில் பார்த்த ஒரே ஆள், அதை அலமாரியில் வைத்த நூலக ஊழியர். அது யாரோ எழுதுவதற்காக வாங்கி வைத்த புது ஓலைக்கட்டு என்பது அவர் கூற்று. அவர் முனைவர் பட்டம் பெறாதவர் என்பதால் அக்கூற்று ஏற்கப்படவில்லை.

சிரிப்போர் ஒன்றைக் கவனிக்க. நம் உண்மையான சுவடிகளில் சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவே இடம் விட்டிருக்க மாட்டார்கள். ஓலை கிழியும் என்று மெய்யெழுத்துக்குப் புள்ளியும் வைத்திருக்க மாட்டார்கள். 1887-இல் சீவக சிந்தாமணியை அச்சேற்றிய உ.வே.சாமிநாதையர் பொருள் விளங்காத இடங்களுக்காகக் கும்பகோணத்துச் சமணர் வீடுகளுக்குப் போய்க் கேட்டுத் தெரிந்துகொண்டார். அவர் பட்ட பாடு மெய்ப்பாடு. பின்னால் வந்து, பிரித்து வைத்த சொல்லை வேறோர் இடத்தில் வெட்டி, வெட்டியதற்கு ஒரு கட்டுரை, கட்டுரைக்கு ஒரு மறுப்பு, மறுப்புக்கு ஒரு பதவி உயர்வு என்று காலம் தள்ளியவர்களின் பட்டியலை இங்கே தரலாம்தான். இதழின் பக்கம் தாங்காது.

வெற்றிடம் எழுதிணைப்படும்.

குறிஞ்சி எட்டு. லினக்ஸ் கர்னலின் நிலம் அது. டேப் என்றால் எட்டெழுத்து அகலம் என்பது லினஸ் டோர்வால்ட்ஸ் வகுத்த விதி. அதை நாலாகக் குறைக்கப் பார்ப்பவர்களைப் பை-யின் மதிப்பு 3 என்று அறிவிக்கப் பார்ப்பவர்களோடு சேர்த்துப் பேசுகிறது கர்னலின் நடைவிதி ஆவணம். மூன்று படிக்கு மேல் உள்ளே போக நேர்ந்தால் கோளாறு டேப்பில் இல்லை, உங்கள் நிரலில்தான் என்றும் சொல்கிறது. எட்டெட்டாக ஏறினால் மூன்றாம் படியில் மூச்சு வாங்கும், ஆகவே மலை.

முல்லை நான்கு ஸ்பேஸ். பைத்தானின் நிலம், 2001-இல் எழுந்த பெப் 8 ஆவணம் வகுத்த கற்பொழுக்கம். உரிப்பொருள் இருத்தல், அதாவது நிரல் ஓடி முடியும்வரை ஆற்றியிருத்தல். இங்கே வெற்றிடமே இலக்கணம். வேறு மொழிக்காரர்போல் நெளிவு அடைப்புக்குறி வேண்டும் என்று வருங்காலத்திடம் விண்ணப்பிக்க அம்மொழியில் ஒரு கட்டளை உண்டு. அடித்துப் பார்த்தால் வாய்ப்பே இல்லை என்று ஒரே வரியில் பதில் வரும்.

மருதம் இரண்டு ஸ்பேஸ். ஜாவாஸ்கிரிப்ட். உரிப்பொருள் ஊடல், விளக்கம் வேண்டா.

நெய்தல் தூய டேப். பார்ப்பவர் திரைக்கேற்ப விரியும், சுருங்கும்.

பாலைக்குத் தனி நிலமில்லை. டேப்பும் ஸ்பேஸும் தம் இயல்பு கெட்டு ஒரே கோப்பில் கலந்த இடமெல்லாம் பாலை. இக்கலப்பால் படி எதுவெனக் குழம்பினால் பைத்தான் 3 டேப் பிழை என்று அலறி நின்றுவிடும். உரிப்பொருள் பிரிவு, மெயின்டெய்னர் திட்டத்தைவிட்டே பிரிவார்.

கைக்கிளை மூன்று ஸ்பேஸ். வைப்பவரைத் தவிர வேறு யாரும் விரும்பியதற்குச் சான்றில்லை.

பெருந்திணையில் சற்று நிற்க வேண்டும். பொருந்தாக் காமம் என்று இலக்கணம் சொல்வது க்னூ திட்டத்தின் நிரல் நடையைத்தான் என்பது எம் துணிபு. அதில் படிக்கு இரண்டு ஸ்பேஸ். நெளிவு அடைப்புக்குறி தனி வரியில், தானும் இரண்டு ஸ்பேஸ் உள்ளே தள்ளி உட்காரும். அதற்குள் இருக்கும் கட்டளை இன்னும் இரண்டு ஸ்பேஸ் உள்ளே. செயற்கூற்றின் பெயருக்கும் அடைப்புக்குறிக்கும் நடுவில்கூட ஓர் இடம் விட வேண்டும். இவ்வளவோடு விட்டிருந்தால் கைக்கிளையில் சேர்த்திருப்போம். எமேக்ஸ் எடிட்டர் அதன் இயல்பான அமைப்பில் எட்டு ஸ்பேஸ் சேர்ந்ததும் அவற்றை விழுங்கிவிட்டு ஒரு டேப்பை வைத்துவிடும். ஆகவே இரண்டு, நான்கு, ஆறு வரை ஸ்பேஸ்; எட்டில் டேப்; பத்தில் ஒரு டேப்பும் இரண்டு ஸ்பேஸும். டேப்பை நாலெழுத்து அகலத்துக்கு வைத்திருக்கும் அப்பாவி ஒருவர் இக்கோப்பைத் திறந்தால், ஆறாம் பத்தியில் நிற்கும் வரிக்கு உள்ளே இருக்க வேண்டிய வரி நான்காம் பத்தியில் வந்து நிற்கும். வீட்டுக்காரர் திண்ணையில், விருந்தாளி அடுக்களையில்.

இந்த க்னூ விதிகளை அச்செடுத்து, படிக்காமல், கொளுத்திவிடச் சொல்கிறது மேற்சொன்ன கர்னல் ஆவணம். மதுரையில் அனல்வாதத்துக்கு ஏட்டைத் தீயில் இட்டவர்கள் எரியக்கூடாதே என்று வேண்டிக்கொண்டு இட்டதாகப் புராணம். இங்கே எரிய வேண்டும் என்பதே விதி. இதுபற்றி மூன்றாம் உரைகாரர், தம் உரையின் 412-ஆம் பக்கத்து அடிக்குறிப்பின் அடிக்குறிப்பில், "இதனைத் தலைவி கூற்றாகவும் கொள்ளலாம்" என்கிறார். எதனை என்று கூறவில்லை. அவ்வடிக்குறிப்பை மட்டும் எடுத்துக்கொண்டு ஒருவர் ஆய்வேடு அளித்தார் என்றும், அதற்கு நெறியாளர் மூன்றாம் உரைகாரரே என்றும், அவர் வாய்மொழித் தேர்வில் "இதற்கு என்ன ஆதாரம்?" என்று கேட்டுத் தம் மாணவரைத் திணறடித்தார் என்றும் ஒரு செவிவழிச் செய்தி உண்டு. செவிவழிச் செய்தியாதலின் உறுதியானது.

வெற்றிடத்தால் கேடு விளைந்ததுண்டோ எனின், உண்டு. 2011-இல் பம்பிள்பீ என்ற கட்டற்ற மென்பொருளின் நிறுவு நிரலில், பழைய கோப்புறை ஒன்றை அழிக்கும் வரியில், /யுஎஸ்ஆர் என்பதற்குப் பின் ஒரு ஸ்பேஸ் தவறி விழுந்துவிட்டது. அழிக்க நினைத்தது அதனுள் ஆழத்தில் இருந்த ஒரு சிறு கோப்புறையை. கணினி படித்தது இரண்டு பெயராக. முதற்பெயர் /யுஎஸ்ஆர், அதாவது நிறுவிய மென்பொருள் ஏறக்குறைய முழுவதும். அதை அழித்தது. 2016 மார்ச்சில், சொல்லின் இடப்பக்கம் ஸ்பேஸ் நிரப்புவதற்கென்றே எழுதிய 11 வரி ஜாவாஸ்கிரிப்ட் தொகுப்பு, லெஃப்ட்-பேட் என்பது, ஒருநாள் களஞ்சியத்திலிருந்து எடுக்கப்பட்டது. பேபல் முதலான பெரிய பெரிய திட்டங்கள் அதன்மேல் சாய்ந்து நின்றிருந்தது அன்றுதான் எல்லார்க்கும் தெரிந்தது. இடப்பக்க வெற்றிடம் இல்லாமல் உலகம் சில மணி நேரம் தவித்தது. யாம் கற்பித்துக் கூறுவதாக எண்ணற்க. இப்பத்தியில் உள்ளவை நடந்தவை. மேலையார் கீழையார் உரைகளைவிட இவையே நம்பமுடியாதனவாக இருப்பது இத்துறையின் இயல்பு.

பொருளியல் ஆய்வும் நடந்திருக்கிறது. 2017-இல் ஸ்டேக் ஓவர்ஃப்ளோ தளம் தன் கருத்துக்கணிப்பை அலசி, ஸ்பேஸ் வைப்போரின் இடைநிலைச் சம்பளம் ஆண்டுக்கு 59,140 டாலர், டேப் வைப்போரது 43,750 டாலர் என்றது. நாடு, அனுபவம் முதலியவற்றைக் கழித்துப் பார்த்தும் ஸ்பேஸ் கட்சிக்கு 8.6 சதவீதம் கூடுதல். கட்டற்ற மென்பொருளுக்குப் பேட்ச் எழுதுவோருக்கு இதனால் குழப்பமில்லை. இரு கட்சிக்கும் ஒரே சம்பளம்.

இத்தனைக்கும் நடுவே நேர்மையான வாதம் ஒன்று உண்டு. ஆதலால் விவாதங்களில் அது எடுபடுவதில்லை. பார்வைக் குறைபாடு உள்ளவர் எழுத்தைப் பெரிதாக்கிப் படிக்கும்போது டேப்பின் அகலத்தைத் தமக்கேற்பச் சுருக்கிக்கொள்ளலாம். பிரெயில் காட்டியில் நிரலைத் தொட்டுப் படிப்பவருக்கு எட்டு ஸ்பேஸ் எட்டு வெற்றுக் கட்டத்தைத் தின்னும், டேப் ஒன்றோடு போகும். மூன்று உரைகாரருக்கும் இது தோன்றவில்லை. அவர்களுக்குக் கண் நன்றாகத் தெரியும்.

2009-இல் கோ மொழி வந்தபோது அதன் ஆசிரியர்கள் நிரலைத் தானே ஒழுங்குபடுத்தித் தரும் ஒரு கருவியைக் கூடவே கொடுத்தார்கள். கோப்பைக் கொடுத்தால் டேப் போட்டுத் தரும், யாரையும் கேட்காது. பிற மொழிகளும் இவ்வழி வந்துவிட்டன. இடப்பக்க வெற்றிடத்தை நம்பியிருந்த அறிஞர்கள் பலர் இதனால் வேலையிழந்து வரியின் வலப்பக்கத்துக்குக் குடிபெயர்ந்துள்ளனர். அங்கே வரி 79 எழுத்தில் முடிய வேண்டும் என்கிறது பெப் 8. கர்னல் 80 என்றிருந்தது. 2020-இல் அதன் சோதிப்பான் 100 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்று இறங்கி வந்தது. 80 என்ற எண் 1928-இல் ஐபிஎம் வெளியிட்ட துளையட்டையின் பத்திக் கணக்கு. அந்த அட்டை வழக்கொழிந்து பல காலம் ஆன பின்னும் அதன் அகலம் மட்டும் எவ்வாறு எஞ்சியது, 79-க்கும் 80-க்கும் இடைப்பட்ட அந்த ஓரெழுத்து எங்கே போயிற்று என்பன இரண்டாம் தொகுதியில் ஆராயப்படும். நிதிநல்கைக்கு விண்ணப்பித்திருக்கிறோம். படிவத்தை மூன்று படிகளாக, இருபுறமும் ஓரங்குல வெற்றிடம் விட்டு அனுப்பச் சொல்லியிருக்கிறார்கள்.