அமைதியான கடலோர ஊர் தேவை, அவசரம்

மூன்று தலைமுறையும் சேர்ந்து வாழ மலிவான, சந்தடியில்லாத கடலோர ஊர் வேண்டுமாம். தாத்தாவுக்குக் கூப்பிடு தூரத்தில் இதய மருத்துவர். பாட்டிக்கு நடந்து போகக் கோயில், ஆனால் கூட்டம் ஆகாது. திருச்செந்தூர் அங்கேயே அடிபட்டது. மகனுக்கு அறுந்துபோகாத இணையம், மருமகளுக்கு சிபிஎஸ்இ பள்ளி. இத்தனையும் உள்ள சென்னையை விட்டுத்தான் கிளம்புகிறார்கள்.

பேச்சு கடைசியில் தரங்கம்பாடியில் வந்து நின்றது. 1620-இல் டேனிஷ்காரர்கள் கோட்டை கட்டி உட்கார்ந்த ஊர். 225 ஆண்டு இருந்து பார்த்துவிட்டு, 1845-இல் ஆங்கிலேயர் தலையில் கட்டிவிட்டுக் கிளம்பினார்கள் என்பதைத் தரகர் சொல்வதில்லை. மயிலாடுதுறையிலிருந்து வந்துகொண்டிருந்த ரயிலும் 1986-இல் நின்றுவிட்டது; அமைதிக்கு வேறென்ன உத்தரவாதம் வேண்டும்? ‘கடல் பார்த்த மனை’ என்று அவர் அடித்துச் சொல்வதும் பொய்யில்லை. மாசிலாமணிநாதர் கோயிலின் முன்பகுதியைக் கடல் எப்போதோ பார்த்துவிட்டது, கையோடு எடுத்தும் போய்விட்டது.

“ராத்திரியில நெஞ்சு வலிச்சா எங்கப்பா ஓடுறது?” என்றார் தாத்தா.

“காரைக்கால் பக்கத்துலதானே இருக்கு!” என்றான் மகன், முகம் மலர. அவன் நினைத்தது மருத்துவமனையைத்தானா என்று மருமகளுக்குச் சந்தேகம்.