பிள்ளைக்குக் காது கேட்குமா? வீட்டிலேயே பார்க்க எளிய வழிகள்

முதலில் ஒரு எவர்சில்வர் தட்டும் கரண்டியும் எடுத்துக்கொள்ளுங்கள். கேரள எல்லையோரக் குளத்தூரில் இவை இல்லாத வீடு கிடையாது. பிள்ளையின் முதுகுப் பக்கம் போய் நின்று ‘டங்’கென்று தட்ட வேண்டும். உங்கள் நிழல் எதிர்ச்சுவரில் விழுந்தால் நல்லது. கட்டில் அதிரத் தட்டினால் அதைவிட நல்லது. பிள்ளை கட்டாயம் திரும்பும். நிழலுக்குத் திரும்பியதா, அதிர்வுக்கா என்றெல்லாம் கேட்டு வீட்டில் சண்டை இழுக்காதீர்கள். ‘தோசை’யின் நடுவே வரும் சன்னமான ஓசை அதன் காதுக்கு எட்டுகிறதா என்று தட்டு சொல்லாதுதான். தோசை கேட்கிற வயசா அதற்கு?

“பொறந்த கொச்சுக்கு என்ன தெரியும்?” என்று பாட்டா சொன்னால் தலையாட்டுங்கள். உள்காதில் இருக்கும் நத்தைச்சுருள் பிறக்கும்போதே பெரியவர்களின் அளவை எட்டிவிடுகிறது. வயிற்றில் ஆறாம் மாதவாக்கிலேயே கேட்கத் தொடங்கி, பிறந்த சில நாளில் அம்மாவின் குரலைப் பிள்ளை பிரித்தறிகிறது. இதையெல்லாம் பாட்டாவிடம் சொல்லி அவரை நோகடிப்பானேன்?

ஒன்றரை வயதாகியும் ஒரு சொல் வரவில்லையா? நம் எல்லைக்காரர்களுக்கென்றே ஒரு பதில் இருக்கிறது. வீட்டில் தமிழ், பாறசாலை பஸ்ஸில் மலையாளம்: “ரெண்டு பாஷை கேட்டுக் கொழம்பிப் போச்சு.” இதை ஒருவரும் மறுக்க மாட்டார்கள், பேச்சுப் பயிற்சி தருகிறவர்களைத் தவிர. பிள்ளைகள் குழம்புவதில்லை. ஜேனட் வெர்க்கரும் ரிச்சர்ட் டீஸும் 1984-இல் வெளியிட்ட ஆய்வில், ஆங்கில வீடுகளில் வளர்ந்த ஆறு முதல் எட்டு மாதக் குழந்தைகள் இந்தியின் ‘த’வையும் ‘ட’வையும் பிரித்துக் கேட்டன, பத்துப் பன்னிரண்டு மாதத்தில் அந்தத் திறன் மங்கிவிட்டது. எது காதில் விழுகிறதோ அதைக் காது தக்கவைத்துக்கொள்ளும். இரண்டும் விழுந்தால் இரண்டையும். ஒன்றுமே விழாத பிள்ளை மௌனமாகிவிடலாம். அதற்கும் “அவன் அப்பனும் நாலு வயசுலதான் பேசினான்” கைவசம் இருக்கிறது.

சளி பிடித்தால் காதில் தேங்காய் எண்ணெயைக் காய்ச்சி ஊற்றுங்கள். மூக்கின் பின்புறத்தையும் நடுக்காதையும் இணைக்கும் குழல் பிள்ளைகளுக்குக் குட்டையாக, படுக்கைவாட்டில் இருப்பதால்தான் அங்கே நீர் கோக்கிறது. செவிப்பறைக்கு வெளியே ஊற்றும் எண்ணெய் அங்கே போய்ச் சேராது. பரவாயில்லை, ஊற்றிய திருப்தி நமக்கு.

பிரசவ ஆஸ்பத்திரியில் காதுப் பரிசோதனைக்குக் கூப்பிட்டால், “பிள்ளை தூங்குது” என்று சொல்லித் தப்பித்துவிடுங்கள். தூங்கும்போதுதான் அது சுலபம் என்பார்கள். சின்ன முனையைக் காதில் வைத்து ஒலி அனுப்பினால் உள்காது தரும் எதிரொலியைக் கருவி பிடித்துக்கொள்ளும். ஊசியில்லை, வலியில்லை, சில நிமிட வேலை. ஒரு மாதத்துக்குள் பரிசோதனை, மூன்று மாதத்துக்குள் முடிவு, ஆறு மாதத்துக்குள் சிகிச்சை என்பது அவர்கள் கணக்கு. நாம் அவ்வளவு அவசரப்படுகிற ஆட்களா?

1997-இல் தொடங்கிய பேச்சு, கேட்டல் நிறுவனமான ‘நிஷ்’ திருவனந்தபுரம் ஆக்குளத்தில் இருக்கிறது, எங்கும் போகாது. நத்தைச்சுருளில் கருவி பொருத்த உதவும் கேரள அரசின் ‘ச்ருதிதரங்கம்’ ஐந்து வயது வரையிலான பிள்ளைகளுக்கென்று தொடங்கப்பட்டது. ஐந்தாம் பிறந்தநாள் கேக்கை வெட்டி, மிச்சத்தைப் பக்கத்து வீட்டுக்கும் கொடுத்துவிட்டு, மறுநாள் சாவகாசமாகப் பஸ் ஏறுங்கள்.