நாள் பார்க்காத நெல் செய்வது எப்படி?

புது நெல் ரகம் ஒன்றை உருவாக்குவது என்று முடிவுசெய்துவிட்டீர்களா? முதலில் வீட்டில் சொல்லிவிடுங்கள். எட்டு வருடம் ஆகலாம், பத்தும் ஆகலாம். அதுவரை எந்தச் சொந்தக்காரர் கல்யாணத்துக்கும் போக முடியாது. நெல் பூ காலை ஒன்பது, பத்து மணிவாக்கில் வாய் திறந்து சுமார் ஒரு மணி நேரத்தில் மூடிக்கொள்ளும். முகூர்த்தமும் அந்த நேரத்தில்தான் வைப்பார்கள்.

அடுத்து, எதற்காக இந்த வேலை என்று நாலு பேர் கேட்பார்கள். பதில் தயாராக இருக்கட்டும். நம் பழைய சம்பா ரகங்கள் நாள் பார்க்கிறவை. ஆடியில் விதைத்தாலும் ஆவணியில் விதைத்தாலும் ஐப்பசிக்கு மேல் பகல் குறுகிய பிறகே கதிர் விடும். சித்திரையில் அவசரப்பட்டு விதைத்தால் அதுவரைக்கும் தழையாக வளர்ந்து மாட்டுக்குப் பிரயோசனப்படும். இத்தனைக்கும் தஞ்சாவூரில் வருடத்தின் நீண்ட பகலுக்கும் குறுகிய பகலுக்கும் உள்ள வித்தியாசம் ஏறக்குறைய ஒன்றேகால் மணி நேரம். நமக்கு உறைக்காத அந்த வித்தியாசம் இலைக்கு உறைக்கிறது. உண்மையில் அது அளப்பது இரவின் நீளத்தை. வயலோரத் தெருவிளக்கு விடிய விடிய எரிந்தால் அதனடியில் நிற்கும் பயிர் மட்டும் கதிர் தள்ளாமல் பச்சையாக நிற்கும். நஷ்டஈடு யாரிடம் கேட்பது என்பதற்குத் தனிக் கையேடு வேண்டும்.

பகல் நீளம் பார்த்துப் பயிர் பூக்கும் சங்கதியை 1920-இல் அமெரிக்காவில் கார்னர், அலர்ட் என்ற இருவர் எழுதி வெளியிட்டார்கள். அவர்களுக்குப் பாடம் நடத்தியது மேரிலாண்ட் மம்மத் என்கிற புகையிலை. கோடை முழுக்கப் பூக்காமல் ஆளுயரம் தாண்டி வளர்ந்துகொண்டே இருந்த பயிர். பிற்பகலிலேயே தூக்கி இருட்டுக் கொட்டகையில் வைத்தார்கள், பூத்துவிட்டது. நம் ஊரில் 'ஆடிப்பட்டம் தேடி விதை' என்று அதற்கு ரொம்ப நாள் முன்பே சொல்லி முடித்துவிட்டார்கள். கட்டுரை எழுதத்தான் ஆள் இல்லை.

உங்களுக்கு வேண்டியது குறுவையிலும் தாளடியிலும் ஒரே கணக்கில் விளையும் நெல். பகல் நீளமானாலும் குறுகினாலும், விதைத்த இத்தனையாவது நாளில் கதிர் என்று சொன்ன சொல் தவறாத நெல். சரி, பெண் மாப்பிள்ளை தேடுங்கள். எல்லாப் பொருத்தமும் உள்ள ஜோடி கிடைக்காது. கிடைத்தால் இந்தக் கல்யாணமே தேவையில்லை. பிலிப்பைன்ஸின் லாஸ் பான்யோஸில், சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தில் 1962-இல் பீட்டர் ஜென்னிங்ஸ் முப்பத்தெட்டு ஜோடி சேர்த்துப் பார்த்தார். எட்டாவது ஜோடி: இந்தோனேசியாவின் பேட்டா, நெட்டை, நல்ல தெம்பு, உரம் போட்டால் சாய்ந்துவிடும்; தைவானின் டீ-ஜியோ-ஊ-ஜென், குட்டை, நாள் பார்க்காது. ஒன்றின் குறையை மற்றது மறைக்கும் என்கிற நம்பிக்கைதான். மனிதர்களிடம் இது பலிப்பதாகத் தெரியவில்லை.

இனி கை வேலை. கண்ணாடி துடைத்துக்கொள்ளுங்கள். முதல் நாள் சாயங்காலம், பெண்ணாக வைத்த கதிரில், மறுநாள் பூக்கவிருக்கும் உமிகளின் நுனியை மூன்றில் ஒரு பங்கு கத்தரித்து, உள்ளே இருக்கும் மகரந்தப் பைகளை இடுக்கியால் எடுக்க வேண்டும். ஒரு பூவுக்கு ஆறு. ஆறும் வர வேண்டும். நெல் தன் மகரந்தத்திலேயே கருவுற்றுக்கொள்ளும் சாதி; ஒன்றை விட்டுவைத்தாலும் அந்தப் பூ உங்களைக் கேட்காமல் காரியத்தை முடித்துவிடும். பிறகு நீங்கள் பத்து வருடம் பேட்டாவுக்கும் பேட்டாவுக்கும் பிறந்த பேட்டாவை வளர்த்துக்கொண்டிருப்பீர்கள். எடுத்து முடித்ததும் கதிருக்குத் தாள் உறை மாட்டுங்கள். மறுநாள் காலை, மாப்பிள்ளைக் கதிரை அதன் மேல் உதறுங்கள். மகரந்தத்துக்கு ஆயுள் சில நிமிடம்தான். அந்த நேரம் பார்த்து யாராவது கைபேசியில் கூப்பிடுவார்கள். எடுக்காதீர்கள்.

இவ்வளவு பாடுபட்டுக் கிடைக்கும் விதை ஒரு பிடி. எட்டாவது ஜோடிக்குக் கிடைத்தது 130 மணி. அதை விதைத்தால் அத்தனையும் நெட்டையாக வந்து நிற்கும். இங்கேயே பலர் வேலையை விட்டுவிட்டு விதைக் கடை வைக்கப் போய்விடுகிறார்கள். அவசரப்பட வேண்டாம். குட்டைக் குணம் ஒடுங்கு குணம். நாள் பார்க்காத குணமும் பல கலப்புகளில் அப்படித்தான். முதல் தலைமுறையில் பதுங்கியிருந்து, பேரப்பிள்ளைகளில் நாலில் ஒரு பங்காக வெளியே வரும். அதில் ஒரு சௌகரியம்: ஒடுங்கு குணம் கண்ணுக்குத் தெரிந்துவிட்டால், அந்த விஷயத்தில் உள்ளே வேறெதுவும் ஒளிந்திருக்காது.

அந்தப் பேரப்பிள்ளைகள் லாஸ் பான்யோஸில் சுமார் பத்தாயிரம். உங்கள் வேலை அவற்றில் பெரும்பாலானதைத் தூக்கியெறிவது. எல்லாக் கையேடுகளும் 'தேர்ந்தெடுத்தல்' என்று கௌரவமாக எழுதும், நடப்பது கழிப்பதுதான். நெட்டையைக் கழி, பிந்திப் பூத்ததைக் கழி, குலைநோய் கண்டதைக் கழி. மனசு கேட்காது. வயலிலேயே லட்சணமான செடி, தூர் கட்டி, கண்ணாடி இலை கத்தி மாதிரி நிமிர்ந்து நிற்கும். நூற்று எழுபதாம் நாள்தான் கதிர் விடும். அதைப் பிடுங்கும்போது யாரையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளாதீர்கள். செடிகளுக்குப் பெயர் வைக்கவே வைக்காதீர்கள், எண் போதும். வரப்போரத்தில் நிற்கும் செடியின் மேல் ஆசைப்படவும் வேண்டாம். அதற்கு ஒரு பக்கம் போட்டியில்லை. வெயிலும் உரமும் கூடுதலாகக் கிடைத்திருக்கிறது. விதையில் ஒரு விசேஷமும் கிடையாது. வயல் பார்க்க வரும் பெரிய மனிதர்கள் வரப்பில் நின்றபடி இந்தச் செடியைத்தான் தட்டிக்கொடுப்பார்கள். தலையாட்டிவிட்டு, அவர்கள் வண்டி போனதும் விட்டுவிடுங்கள்.

மிச்சம் தேறியதன் விதையைச் செடிவாரியாக வரிசை போடுங்கள். ஒவ்வொரு தலைமுறையிலும் கலப்படம் பாதியாகும்: இரண்டாம் தலைமுறையில் 50 சதவீதம், அப்புறம் 25, பிறகு 12.5. ஆறாம் தலைமுறையில் மூன்று சதவீதத்துக்கு வந்துவிடும். கணக்கு ஒருபோதும் பூஜ்ஜியத்தைத் தொடாது. அதற்காக விஞ்ஞானிகள் உறக்கத்தைக் கெடுத்துக்கொள்வதில்லை. லாஸ் பான்யோஸில் ஹாங்க் பீச்செல் 288-ஆம் வரிசையில் 3-ஆம் செடியைப் பிடித்தார். அதன் வாரிசு 1966-இல் ஐ.ஆர். 8 என்று ஊருக்கு வந்தது. நாள் பார்க்கவில்லை, சாயவில்லை, நூற்று முப்பது நாளில் களத்துக்கு வந்தது.

உங்கள் நெல் நிஜமாகவே நாள் பார்க்காததா என்று சோதிக்க, அதே விதையை ஆனியில் ஒரு தடவையும் புரட்டாசியில் ஒரு தடவையும் விதையுங்கள். இரண்டிலும் வயது ஏறத்தாழ ஒன்றாக இருக்க வேண்டும். மார்கழிக் குளிரில் சில நாள் பிந்தினால் மன்னிக்கலாம். மாதக்கணக்கில் பிந்தினால் அது உள்ளுக்குள் பஞ்சாங்கம் வைத்திருக்கிறது. மறுபடி இடுக்கியை எடுங்கள்.

ஒரு விஷயத்தைப் பெரும்பாலும் கடைசியில்தான் நினைப்பார்கள்: சமைத்துச் சாப்பிட்டுப் பார்ப்பது. ஐ.ஆர். 8 அரிசி மொத்தை, வயிற்றில் சுண்ணாம்பு வெள்ளை. சோறு ஆறினால் விறைத்துப் போகும். விளைச்சலில் சந்தோஷப்பட்டு மகனுக்கு அதே பெயரை வைத்த தமிழ்நாட்டு விவசாயியும் உண்டு; அந்தச் சோற்றைத் தட்டில் உருட்டியபடி உட்கார்ந்திருந்த வீடுகளும் உண்டு. இரண்டு தரப்பும் சரி. ஆகவே ஆறாம் தலைமுறைவரை காத்திராமல், கொஞ்சம் அரிசி தேறியவுடனே வீட்டில் வடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். அவர்கள் முகம் சுளித்தால் விளைச்சல் புள்ளிவிவரத்தை எடுத்துக் காட்டாதீர்கள்.

எல்லாம் தேறி அரசு ரகமாக ஏற்றுக்கொண்டால் சீட்டு வரிசை தொடங்கும்: வல்லுநர் விதைக்குப் பொன்மஞ்சள், ஆதார விதைக்கு வெள்ளை, சான்று விதைக்கு நீலம். பக்கத்து ரகத்திலிருந்து மூன்று மீட்டர் தள்ளி நட வேண்டும். சான்று விதை வயலில் கலவன், அதாவது ரகத்தோடு சேராத செடி, 0.2 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. இவ்வளவும் தாண்டி விவசாயி கைக்குப் போன மறு வருடம், அறுவடை இயந்திரம் முந்தைய வயலின் நெல்லைத் தன் வயிற்றில் சுமந்து வந்து உங்கள் ரகத்தில் கொட்டிவிட்டுப் போகும்.

புகார் வரும், போய்ப் பாருங்கள். கலவனைப் பிடுங்கச் சொல்லிவிட்டு உடனே திரும்பிவிடுங்கள். ஏனென்றால் அந்தக் கூட்டத்தில் ஒன்று மட்டும் சன்னமாக, அழகாக, மற்றவற்றோடு சேராமல் நிற்கும். 1921-இல் கிச்சிலிச் சம்பாவுக்கு நடுவே கண்ணில் பட்ட ஜி.இ.பி. 24-ம் அப்படித் தானாகத் திரிந்த ஒன்றுதான். அது பிற்பாடு ஆடுதுறை 27-க்கே பெற்றோரில் ஒன்றானது. அதனால் புகார் விசாரிக்கப் போகும் அன்று இடுக்கியையும் தாள் உறையையும் வீட்டிலேயே வைத்துவிட்டுப் போவது நல்லது. போவீர்களா என்பது வேறு விஷயம்.