பிராக் போற மருமவனுக்கு

வாரும் மருமவனே, உக்காரும். பிராக் நகரத்துக்குப் போறீராம். 2 நாளுல 23 கோயில்னு ஒரு தாள்ல எழுதி வச்சிருக்கீராம். உம்ம அம்மா கொண்டாந்து காட்டினா. பாத்தேன். பலசரக்குக் கடைச் சீட்டே இதவிட நிதானமா இருக்கும்வே. கோயிலுக்கு 20 நிமிசம். அதுல வரிசைக்கு 10, உம்ம மூஞ்சியப் படம் எடுக்க 8, சாமிக்கு மிச்சம் 2. போகட்டும், சாமி கோவிச்சுக்காது. அந்த ஊர்ல அதுக்குப் பழக்கந்தான். எங்க திரும்பினாலும் கோபுரம், ஆனா ஐரோப்பாவுலயே சாமி நம்பிக்கை ரொம்பக் குறைஞ்ச நாடுகள்ல செக் நாடும் ஒண்ணு.

அந்த ஊர்ல மவ வீட்டுல 3 மாசம் கிடந்தவன்ங்கிற முறையில நாலு வார்த்தை சொல்றேன். கேட்டாக் கேளும், கேக்காட்டி நோவப் போறது உம்ம காலுதான்.

கோட்டைக்குள்ள புனித வீட்டஸ் பேராலயம் இருக்கு. 1344-ல அஸ்திவாரம் போட்டாங்க, முடிச்சது 1929-ல. 585 வருசம்! மொதல்ல கட்டினவர் பிரான்சு தேசத்து மத்தியாஸ். அவர் செத்ததும் பீட்டர் பார்லர்னு 23 வயசுப் பையனைக் கூப்பிட்டு வேலையை ஒப்படைச்சாங்க. உமக்கு இப்ப 29. அந்தப் பய பேராலயத்தோட நிக்காம ஆத்துக்குக் குறுக்கே சார்லஸ் பாலத்தையும் கட்டினான். நீரு அதுல நின்னு படம் எடுக்கப் போறீரு, அதுவும் ஒரு வேலைதானே. அப்புறம் மதச் சண்டை வந்துச்சு, காசு தட்டுப்பட்டுச்சு, பாதிக் கோயில் பல நூறு வருசம் அப்படியே நின்னுச்சு. உம்ம மாடியில 6 வருசமாக் கம்பி நீட்டிக்கிட்டு நிக்குதுன்னு என் தங்கச்சி பொலம்புறால்ல, அவகிட்ட இந்தக் கதையைச் சொல்லும். ஆறுதலா இருக்கும்.

உள்ள போனதும் எல்லாரும் அண்ணாந்து பாப்பாங்க. நீரு இடதுபக்கம் அல்போன்ஸ் மூஹா வரைஞ்ச வண்ணக் கண்ணாடிச் சன்னலுக்குப் போம். புனிதர்கள், சிவப்பும் மஞ்சளும் நீலமுமா வெளிச்சம். அடியில பாரும், ஸ்லாவியா வங்கின்னு எழுதியிருக்கும். அதுக்குக் காசு குடுத்தவங்க. நம்ம ஆளு டியூப் லைட்டுல வெளிச்சமே வராதபடிக்கு 'உபயம்'னு பேரெழுதி வைப்பாம்லா, அந்தச் சாதி உலகம் பூரா ஒண்ணுதான்னு அன்னைக்குத்தான் எனக்குப் புரிஞ்சுச்சு. மனசுக்குக் குளுகுளுன்னு இருந்துச்சு.

மடம்னு 2 எழுதியிருக்கீரு. ஸ்ட்ராகோவ் மடத்துல நீரு ரொம்ப நேரம் இருப்பீருன்னு எனக்குத் தெரியும், ஆனா நூலகத்துல இல்ல. 1143-ல ஆரம்பிச்ச மடம். நூலகம் அப்படி ஒரு அழகு. கூரை பூரா ஓவியம், தரையிலருந்து மேல வரைக்கும் புத்தகம். ஆனா வாசல்ல நின்னு எட்டித்தான் பாக்கணும், சாதா டிக்கெட்டுக்கு உள்ள விட மாட்டாங்க. பக்கத்துலயே பீர் காய்ச்சுற கடை, அங்க உள்ள விடுவாங்க. அந்தச் சபையை ஆரம்பிச்சவர் புனித நார்பர்ட். அவர் எலும்பை 1627-ல கொண்டாந்து மடத்துக் கோயில்ல வச்சாங்க, பேரை எடுத்துப் பீருக்கு வச்சிட்டாங்க. நீரு ரெண்டாவது கிளாசுல பக்திமானா ஆயிருவீரு. உம்ம அம்மாகிட்ட நான் சொல்ல மாட்டேன், அவளாக் கேட்டா மட்டுந்தான் சொல்லுவேன்.

இன்னொண்ணு எம்மாவுஸ் மடம். 'மேப் இருக்கு மாமா, வழி தப்பாது'ன்னு நேத்து பெருமை அடிச்சீர்ல? 1945 பிப்ரவரி 14-ல அமெரிக்க விமானக்காரனுக டிரெஸ்டன் நகரத்து மேல குண்டு போடக் கிளம்பி, வழி தப்பி வந்து பிராக்ல போட்டுட்டானுக. கீழ தெரிஞ்ச ஆறும் ஊரும் ஒண்ணுபோல இருந்துச்சாம். நூத்துக்கணக்குல சனம் செத்துச்சு, இந்த மடத்துக் கூரையும் போச்சு. இப்ப அதுமேல நிக்கிற ரெண்டு வெள்ளைக் கூம்பும் பின்னால வச்ச காங்கிரீட்டு. அதைப் பாத்துட்டு அப்புறம் மேப்பைப் பத்திப் பேசும்.

தாள்ல ஒரு கோயிலை விட்டுட்டீரு. உம்ம அம்மா பாத்தா அழுதிருவா. பெங்களூரு விவேக்நகர்ல குழந்தை இயேசுவைப் பாக்க வியாழக்கிழமை நிப்பாள்ல, அந்தக் குழந்தையோட மூல உருவம் இந்த ஊர்லதான் இருக்கு. வெற்றி அன்னை கோயில், ஆத்துக்கு அந்தப் பக்கம். ஒன்றரை அடி உசரம். ஸ்பெயின்லருந்து வந்தது. 1628-ல பொலிக்சேனாங்கிற பெரிய வீட்டு அம்மா கார்மேல் சபை சாமியார்களுக்குக் குடுத்தா. 1631-ல சாக்சனிப் படைக்காரன் உள்ள புகுந்து பீடத்துக்குப் பின்னால தூக்கி எறிஞ்சிட்டான், கை ரெண்டும் ஒடிஞ்சுபோச்சு. 1637-ல சிரில்ங்கிற சாமியார்தான் தேடி எடுத்தாரு. இப்ப அந்தக் குழந்தைக்கு நூத்துக்கு மேல சட்டை. மரியா தெரேசா மகாராணி தன் கையால தைச்சதுன்னு ஒண்ணும் அதுல இருக்கு. காலத்துக்கு ஒண்ணு மாத்திவிடுவாங்க. உம்ம பெட்டியில அம்புட்டு இருக்காது. டிக்கெட்டும் கிடையாது. தங்கச்சிக்கு ஒரு சின்னப் படம் வாங்கியாரும், மாடிக் கம்பியை ஒரு மாசம் மறந்துருவா.

பழைய நகரத்துல புனித யாக்கோபு கோயில் வாசல்ல உள்ள போனதும் வலதுபக்கம் மேல பாரும். கருத்துக் காஞ்ச ஒரு மனுசக் கை தொங்கும். மாதா நகையைத் திருட வந்தவன் கையை மாதாவே பிடிச்சுக்கிட்டா, விடவேயில்ல, வெட்டித்தான் எடுத்தாங்கன்னு கதை. 400 வருசத்துக்கு மேல தொங்குது. உண்டியலுக்குப் பூட்டு வாங்குற செலவு மிச்சம். டைன் கோயிலு, லொரேட்டோ எல்லாம் போற வழியில தானாக் கண்ணுல படும், அதுக்கு என்கிட்ட யோசனை கேக்க வேண்டாம்.

இப்ப யூதர் தெருவுக்கு வாரேன். பழைய-புதிய ஜெப ஆலயம்னு பேரு. பேரைக் கேட்டுச் சிரிக்காதீரும், 1270 வாக்குல கட்டினது, இன்னைக்கும் உள்ள ஜெபம் நடக்குது. தெருவுலருந்து படி இறங்கித்தான் போகணும். சர்ச்சுல ஆம்பிளை தலையில துணி இருந்தா எடுக்கச் சொல்லுவான், இங்க இல்லாட்டிப் போடச் சொல்லுவான். ரெண்டுக்கும் நடந்து போற தூரந்தான். நான் தோள்ல கிடந்த துண்டை எடுத்து முண்டாசாக் கட்டினேன், வாசல்ல நின்னவர் சிரிச்சுக்கிட்டே விட்டுட்டாரு. உமக்குத் துண்டு போட வெக்கம், காகிதத் தொப்பிதான்.

அந்த ஊர் ரபி யூதா லோவ், 1609-ல செத்தவரு, களிமண்ணுல ஆளு செஞ்சு உசிரு குடுத்தாருன்னு ஒரு கதை உண்டு. கோலம்னு பேரு, நம்ம வாசல்ல போடுறது இல்ல. வாரம் பூரா வேலை செய்வானாம். வெள்ளிக்கிழமை பொழுது சாஞ்சா வாயிலருந்து மந்திரச் சீட்டை எடுத்துருவாரு, மண்ணு ஆளுக்கும் ஓய்வு. அவன் உடம்பு இன்னும் பரண்ல கிடக்குன்னு சொல்லுவாங்க. வெளிச் சுவத்துல இரும்புப் படி இருக்கு. கீழ கொஞ்சம் கழட்டிட்டாங்க, கைக்கு எட்டாது. உம்மளை மாதிரி ஆளுகளைக் கண்டவங்கதான். பக்கத்துக் கட்டடத்துல எபிரேய எழுத்துப் போட்ட ஒரு கடிகாரம், முள்ளு பின்னாலதான் சுத்தும். அந்த எழுத்தே வலமிருந்து இடமா ஓடுறது.

பிங்காஸ் ஜெப ஆலயத்துல மட்டும் போனைப் பைக்குள்ள வச்சிரும் மருமவனே. சுவரு பூரா பேரு. பொஹீமியா, மொராவியாவுல இருந்து நாஜிக்காரன் கொண்டுபோய்க் கொன்ன யூதர், ஏறத்தாழ 78,000 பேரு. ரெண்டு ஓவியர் உக்காந்து வருசக்கணக்குல கையால எழுதினாங்க. 1968-ல பூட்டினாங்க, ஈரம் ஏறி, கம்யூனிஸ்டு ஆட்சியில அந்த எழுத்தும் போச்சு. 1992-லருந்து மறுபடி மொதல்லருந்து எழுதினாங்க. நான் ஒரு குடும்பப் பேரைப் பிடிச்சு வாசிச்சேன், அப்பன், ஆத்தா, பிள்ளைக. பொறந்த வருசத்தைக் கழிச்சுப் பாத்தா ஒரு பிள்ளைக்கு 3 வயசு. அதுக்கு மேல வாசிக்கல. வெளிய கல்லறைத் தோட்டம். 1439-லருந்து 1787 வரைக்கும் அங்கதான் புதைச்சாங்க. வேற இடம் குடுக்கல, அதனால மண்ணை மேல மேல போட்டு, சில இடத்துல 12 அடுக்கு. கல்லு ஒண்ணு மேல ஒண்ணு சாஞ்சு, ஏறத்தாழ 12,000. லோவ் கல்லறை மேல கூழாங்கல்லு வச்சிருக்கும். நீரும் ஒண்ணு வச்சிட்டு வாரும்.

சரி, தாளைக் குடும். 'சனிக்கிழமை: யூதர் தெரு. ஞாயித்துக்கிழமை காலை 9 மணி: பேராலயம்.' மண்ணு ஆளுக்கே ஓய்வு உண்டுன்னு சொன்னேன்லா? சனிக்கிழமை அந்தத் தெருவுல நீரு எழுதின இடம் எல்லாம் பார்வைக்குப் பூட்டு. ஞாயித்துக்கிழமை காலையில பேராலயத்துல பூசை, வேடிக்கை பாக்க வர்றவங்களுக்கு மத்தியானம் 12 மணிக்குத்தான் கதவு திறப்பான். இதை மொதல்லயே சொல்லியிருந்தா நீரு இம்புட்டு நேரம் உக்காந்திருப்பீரா? அந்தக் கடிகாரம் மாதிரி தாளைப் பின்னாலருந்து வாசியும், சரியாப் போவும்.