நாலு நிமிஷத்தில் 32 பக்கம்

வழக்கமாக எங்கள் சம்ப்பைக் கழுவித் தருகிறவரிடம், சம்ப் கழுவ எவ்வளவு ஆகும் என்று கேட்டேன். அதைத் தவிர வேறொரு பாவமும் அறியேன். "அபார்ட்மென்ட் சம்ப், 12,000 லிட்டர், கழுவ எவ்வளவு சார்?" என்று வாட்ஸ்அப்பில் ஒரு வரி தட்டிவிட்டு, காபியை ஆற்றி வாயில் வைப்பதற்குள் போன் சிணுங்கியது. நாலு நிமிஷம்கூட ஆகியிருக்காது. 32 பக்க ப்ரொபோசல் வந்து இறங்கிவிட்டது.

அட்டையில் அருவி. இரண்டாம் பக்கத்தில் வள்ளுவர். தண்ணீர் விஷயம் என்றால் அவருக்கு விடுதலை ஏது? மூன்றாம் பக்கத்தில், "உங்கள் வலிப் புள்ளிகளை நாங்கள் ஆழமாகப் புரிந்துகொள்கிறோம்" என்று இருந்தது. எனக்கு வலிப் புள்ளி இடது முழங்காலில் இருக்கிறது. டாக்டரைத் தவிர யாரிடமும் அதைச் சொன்னதில்லை.

நாம் சம்ப் என்பது ப்ரொபோசலில் "நிலத்தடி நீர்ச் சேமிப்புச் சொத்து". காலை ஒன்பதுக்கு இறங்கினால் மதியச் சாப்பாட்டுக்குள் முடிகிற வேலை. அதற்கு ஐந்து கட்டங்கள், கலர் கலராகப் பட்டை போட்ட அட்டவணை. ஐந்தாம் கட்டத்தின் பெயர் "அறிவுப் பரிமாற்றம்". கழுவிய சம்ப்பிலிருந்து நமக்கு என்ன அறிவு வந்து சேரும் என்று சங்கக் கூட்டத்தில் அரைமணி நேரம் பேசினோம். 14ஆம் பக்கத்தில் "உங்கள் 240 மாணவியரின் ஆரோக்கியமே எங்கள் லட்சியம்" என்றிருந்தது. ஏதோ ஒரு லேடீஸ் ஹாஸ்டலுக்குப் போக வேண்டிய லட்சியம், வழிதவறி எங்களிடம் வந்திருக்கிறது. எங்கள் 18 வீட்டில் மாணவி என்று சொல்லத்தக்கவர் வீணை கற்றுக்கொள்ளும் 71 வயது மாமி ஒருவர்தான். அவர் மட்டும் அந்தப் பக்கத்தை ரசித்தார்.

விலை 27ஆம் பக்கத்தில் ஒளிந்திருந்தது. அதுவும் ஒன்றல்ல. சில்வர், கோல்டு, பிளாட்டினம். எல்லாவற்றுக்கும் 18 சதவீதம் ஜிஎஸ்டி தனி. கோல்டு எடுத்தால் சம்ப்புக்கு டாஷ்போர்டு உண்டாம்.

போன் போட்டேன்.

"சார், எவ்வளவுதான் ஆகும்?"

"ப்ரொபோசல் போட்டிருக்கேனே சார், பாக்கலையா?"

"பாத்தேன். அதுல மூணு விலை இருக்கு."

"மூணா?"

ஒரு நீண்ட மௌனம். அந்தப் பக்கம் அவர் ப்ரொபோசலைத் திறந்து, என்னைப் போலவே முதல் தடவையாகப் படித்துக்கொண்டிருந்தார்.

பிறகு அவரே பெருமையோடு விளக்கினார். "நம்ம மச்சான் பையன் செட் பண்ணிக் குடுத்தான் சார். நீங்க மெசேஜ் போட்டா அது கூகுள் ஷீட்ல விழும். அங்கேர்ந்து ஏஐக்குப் போகும். அது எழுதி டெம்ப்ளேட்ல கொட்டும். பிடிஎஃப் ஆகி உங்களுக்கு வந்துடும். நான் தூங்கிட்டிருந்தாலும் போயிட்டேதான் இருக்கும். நான் தொடவே வேணாம்."

"நீங்க தொடலைங்கறது தெரியுது சார்" என்றேன். பாராட்டாக எடுத்துக்கொண்டார்.

2022 நவம்பரில் சாட்ஜிபிடி வருவதற்கு முன் இவர் எப்படி இருந்தார் என்பதைச் சொன்னால்தான் என் வயிற்றெரிச்சல் புரியும். மொபெட்டில் வருவார். மூடியைத் தூக்கச் சொல்லி உள்ளே டார்ச் அடிப்பார். ஒரு கயிற்றில் கல்லைக் கட்டி இறக்கி, கயிறு நனைந்த அளவை முழத்தால் அளப்பார். மெட்ரோ வாட்டரா, போரா, லாரித் தண்ணியா என்று கேட்பார். போர் என்றால் சுவரில் இரும்புக் கறை ஏறியிருக்கும், தேய்க்க ஒரு ஆள் கூடுதல். கடைசியாக எப்போது கழுவியது, அடியில் சேறு எத்தனை விரல்கடை, வேப்பமரத்து வேர் உள்ளே வந்திருக்கிறதா, எல்லாம் பார்ப்பார். முக்கியமாக, 1பி வீட்டுக்காரர் காரை மூடி மேலேயே நிறுத்துகிறவர், அவர் சாவியைக் கொடுக்காமல் ஊருக்குப் போகிறவர் என்பது அவருக்குத் தெரியும். எல்லாம் பார்த்து, பில் புத்தகத்தின் பின் அட்டையில் ஒரு கணக்குப் போட்டு, "மூவாயிரத்து ஐநூறு ஆவும் சார், பசங்களுக்கு டீ நீங்க" என்பார். ஒரு வரி. பத்து வருஷம் அந்த ஒரு வரியில் எங்களுக்குள் ஒரு சண்டை வந்ததில்லை.

இப்போது 32 பக்கத்தில் 1பி வீட்டுக் கார் மட்டும் இல்லை.

19ஆம் பக்கத்தில் "24 மணி நேர நேரடி உதவி" என்று ஒரு வாக்கியம் இருந்தது. எழுதிய இயந்திரத்துக்கு அடுத்து எந்தச் சொல் வந்தால் பொருந்தும் என்றுதான் தெரியும். இவர் வீட்டில் எத்தனை மணிக்கு விளக்கணைப்பார்கள் என்று தெரியாது. வீணை மாமிக்கு எதையும் எழுத்துக்கு எழுத்து நம்பும் சுபாவம். ஒருநாள் ராத்திரி ரெண்டு மணிக்கு மோட்டார் ஓடவில்லை என்று அவருக்குப் போன் செய்துவிட்டார். மறுநாள் நம் ஆள் என்னிடம் சண்டைக்கு வந்தார். "யாரு சார் அப்படிச் சொன்னது?"

"நீங்கதான். பத்தொம்பதாம் பக்கம்."

"அது ஏஐ சார்!"

மூன்றாம் மாடி ரிட்டயர்டு பேங்க் மேனேஜர் விடவில்லை. கனடாவில் ஏர் கனடா கம்பெனியின் சாட்பாட் ஒரு பயணிக்குக் கட்டணச் சலுகை பற்றித் தப்பாகச் சொல்லி, அந்த பாட் சொன்னதற்குத் தாங்கள் பொறுப்பில்லை என்று கம்பெனி வாதாடி, 2024 பிப்ரவரியில் தீர்ப்பாயம் அதை ஏற்காமல் பணத்தைக் கொடுக்கச் சொன்ன கதையை, நின்ற நிலையில் சொல்லி முடித்தார். நம் ஆள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அங்கயும் சம்ப் கழுவறாங்களா சார்?" என்றார். இந்த மனிதர் மேல் ரொம்ப நேரம் கோபமாக இருக்க முடியாது.

ஆனால் வேலை நடந்த அன்று கோபம் வந்தது. ப்ரொபோசலில் நாலு பக்கம் பாதுகாப்புக்கு ஒதுக்கியிருந்தது. ஹெல்மெட் மாட்டிய ஆட்கள் படம், வாயு அளக்கும் கருவி, மேற்பார்வையாளர். வந்தது ஒரு பையன். ரப்பர் செருப்பு, பிளாஸ்டிக் பக்கெட், பிளீச்சிங் பவுடர். கயிறு இல்லை. மேலே நிற்க ஆள் இல்லை. மாசக்கணக்கில் மூடிக்கிடந்த தொட்டிக்குள் பிராணவாயு குறைந்திருக்கும். சேற்றை இறைக்க உள்ளே இறக்கும் மோட்டாரில் கரண்ட் கசியலாம். சம்ப்பில் இறங்கியவர் மேலே வராத செய்தியை நாம் பேப்பரில் படிக்காமலா இருக்கிறோம்? அந்த நாலு பக்கத்தில் எனக்கு ஒரு வரிகூட வேண்டாம். ஒரு கயிறும், அதைப் பிடிக்க ஒரு ஆளும் போதும்.

பையனை இறங்க விடாமல் நிறுத்திவிட்டு அவரைக் கூப்பிட்டேன். என் குரல் அவ்வளவு நன்றாக இருந்திருக்காது. இருபது நிமிஷத்தில் அதே மொபெட் வந்தது. ஒன்றும் பேசவில்லை. மூடியைத் திறந்துபோட்டு ஒரு மணி நேரம் காற்றாட விட்டார். மோட்டாரை மேலேயே வைத்துக் குழாயை மட்டும் உள்ளே விட்டார். பையன் இடுப்பில் கயிறு கட்டி, மறுமுனையைத் தன் கையில் சுற்றிக்கொண்டு, வேட்டியை மடித்துக் கட்டி சம்ப் வாயிலேயே உட்கார்ந்துவிட்டார். நிமிஷத்துக்கு ஒருதரம் "டேய், இருக்கியா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். சட்டைப் பையில் போன் டிங் டிங் என்று அடித்துக்கொண்டிருந்தது. எந்தெந்த ஊருக்கோ ப்ரொபோசல் போய்க்கொண்டிருந்திருக்கும். எடுத்துக்கூடப் பார்க்கவில்லை.

பணத்தை வாங்கிக்கொண்டு கிளம்பும்போது அண்ணாந்து பார்த்தார். "மேல்தொட்டி மூடி ஒடஞ்சிருக்கு சார். அறுநூறு ரூபா ஆவும். ஞாயித்துக்கிழமை நானே வந்து போட்டுடறேன்."

சரி என்றேன்.

"ப்ரொபோசல் அனுப்பட்டுமா சார்?"

வேண்டாம் என்று கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. மூன்றாம் மாடியில் ஜன்னல் திறந்தது.