இலை எண்ணத் தெரியும், ஆள் எண்ணத் தெரியாதா?

இந்த வாரத் தபாலில் காதல் இல்லை, சினிமா இல்லை. திண்டுக்கல் சீமை முழுக்க ஒரே ஜுரம்: இ.எஸ்.ஐ. என்கிற தொழிலாளர் அரசுக் காப்பீடு!

பிரியாணிக் கடைக்காரர், திண்டுக்கல்: என் கடையில் ஒன்பது பேர்தான். புதுச் சட்டம் என்னை என்ன செய்யும்?

இ.எஸ்.ஐ. விஷயத்தில் ஒன்றும் செய்யாது. பத்துப் பேர் இருந்தால்தான் இ.எஸ்.ஐ. கட்டாயம். ஆனால் அண்டா கழுவுகிற பெரியம்மா, இலை எடுக்கிற தம்பி, பார்சல் கட்டுகிற அண்ணன் எல்லாரையும் எண்ணினீர்களா? தினக்கூலியும் தலைதான். ஒரு பந்திக்கு எத்தனை இலை விழுந்தது என்று ராத்திரி தூக்கத்தில் கேட்டாலும் சொல்கிறவர் நீங்கள்!

மில் தொழிலாளி, வேடசந்தூர்: எல்லாரும் புதுச் சட்டம் என்கிறார்கள். அது எது?

சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம், 2020. பிறந்து ஐந்து வருடம் கழித்து, 2025 நவம்பர் 21-ல்தான் எழுந்து நடந்தது. 1948-ன் இ.எஸ்.ஐ. சட்டம் உட்பட ஒன்பது பழைய சட்டங்களை உருக்கி ஒன்றாக வார்த்திருக்கிறார்கள். புதுசோடு முட்டாத பழைய விதிகள் ஓராண்டு வரை செல்லும். அதுவரை வக்கீல்களுக்கு இரட்டை வருமானம்.

சூப்பர் மார்க்கெட் முதலாளி, பழநி ரோடு: மாதம் எவ்வளவு பிடுங்குவார்கள்?

சம்பளத்தில் தொழிலாளி 0.75 சதவீதம், நீங்கள் 3.25. பன்னிரண்டாயிரம் வாங்குபவருக்கு அவர் பங்கு 90 ரூபாய், உங்கள் பங்கு 390. 2019 ஜூலைக்கு முன்பு இதுவே 1.75, 4.75. குறைத்தபோது ஒருவரும் சரம் வெடிக்கவில்லை.

விற்பனைப் பெண், நிலக்கோட்டை: என் 90 ரூபாய்க்கு எனக்கு என்ன கிடைக்கும்?

உங்களுக்கும் குடும்பத்துக்கும் வைத்தியம். உடம்புக்கு முடியாமல் படுத்தால் வருடத்தில் 91 நாள் வரை 70 சதவீதச் சம்பளம்; அதற்கு, அரையாண்டில் 78 நாளாவது சந்தா கட்டியிருக்க வேண்டும். புற்றுநோய், காசநோய் போன்ற 34 நெடுநோய்களுக்கு இரண்டு ஆண்டு வரை 80 சதவீதம். முதல் இரண்டு பிரசவத்துக்கு 26 வாரம் முழுச் சம்பளம். 90 ரூபாய்க்கு நம் ஊரில் வேறு என்ன வரும்? குஸ்கா வரும், அதுவும் முட்டை இல்லாமல்.

ஜவுளிக்காரர், சின்னாளபட்டி: மனைவி பெயரில் ஒரு கடை, தம்பி பெயரில் ஒரு கடை என்று பிரித்துவிட்டால் தப்பலாமா?

கல்லா ஒன்று, குடோன் ஒன்று, கணக்குப்பிள்ளை ஒருவர், போர்டு மட்டும் மூன்றா? அதிகாரி மூன்றையும் சேர்த்துத் தைத்துவிடுவார். சுங்குடிக்கு முடிச்சுப் போடும் ஊர்க்காரர் நீங்கள். போட்ட முடிச்சை ஒருநாள் அவிழ்த்துத்தானே ஆக வேண்டும்?

அவரது பக்கத்துக் கடைக்காரர்: நான் பத்தில் இருவரை நிறுத்திவிட்டேன். தப்பித்தேனா?

ஒருமுறை வளையத்துக்குள் வந்துவிட்டால் தலை குறைந்தாலும் சட்டம் விடாது. நல்ல ஆள் இரண்டு பேர் போனதுதான் மிச்சம்.

மாமியார், வடமதுரை: மருமகள் மில்லுக்குப் போகிறாள். அவள் கார்டில் என்னைச் சேர்க்க முடியுமா?

பேஷாக! பெண் ஊழியரின் குடும்பம் என்பதில் அவரைச் சார்ந்திருக்கும் மாமனார், மாமியாரும் உண்டு என்று புதுச் சட்டமே சொல்கிறது. உங்களுக்கென்று வருமானம் வரம்புக்கு மேல் இருக்கக் கூடாது. இன்னொன்று: 'நான் மருமகளைச் சார்ந்திருக்கிறேன்' என்பதை ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கும். மனசு வருமா?

ஷிப்ட் தொழிலாளி, எரியோடு: நைட் ஷிப்ட் முடிந்து பைக்கில் வரும்போது விழுந்தால், அது வேலையில் நடந்த விபத்தா?

வேலைக்கும் வீட்டுக்கும் நடுவே, வேலையோடு தொடர்புள்ள நேரத்தில், தொடர்புள்ள வழியில் என்றால் ஆமாம். இ.எஸ்.ஐ.யில் இது 2010-லேயே வந்துவிட்டது. புதுத் தொகுப்பும் அதை அழுத்தி எழுதியிருக்கிறது. எழுந்து வேலைக்குப் போகும்வரை 90 சதவீதச் சம்பளம். ஆனால் வேடசந்தூரிலிருந்து எரியோட்டுக்குச் சிறுமலை வழியாகத் திரும்பினேன் என்றால், சட்டமும் மேப் பார்க்கும்.

பூட்டுத் தொழிலாளி, நாகல்நகர்: எங்கள் பட்டறையில் மூன்றே பேர். உருப்படிக்குக் கூலி. எங்களுக்கு என்ன?

2019-ல் திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. பூட்டுக்குப் பாதுகாப்பு வந்துவிட்டது, அதை ராவுகிற கைக்குத்தான் இன்னும் வரவில்லை. முதலாளியும் பெரும்பான்மை ஆட்களும் சம்மதித்தால் பத்துக்குக் குறைவான இடமும் விரும்பி இ.எஸ்.ஐ.யில் சேரலாம். இல்லையென்றால் அமைப்புசாரா நல வாரியத்தில் பதியுங்கள். குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000-க்குள் என்றால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டையும் வாங்குங்கள். ஊர் வீட்டையெல்லாம் பூட்டிக் கொடுத்துவிட்டு, சொந்த வீட்டைத் திறந்து போடாதீர்கள்.

தோல் ஷாப் முதலாளி, பேகம்பூர்: நாலே பேரை வைத்து நடத்துகிறேன். எனக்குக் கவலை இல்லையே?

அபாயத் தொழில் என்று மத்திய அரசு அறிவிக்கும் இடங்களில் ஒரே ஒரு ஆள் இருந்தாலும் கட்டாயம் என்று சட்டத்தில் இடம் வைத்திருக்கிறார்கள். அறிவிப்பைப் பார்த்துக்கொண்டிருங்கள். தோல் பதனிடும் குரோமியத்துக்கு ஆள் எண்ணத் தெரியாது.

லோடுமேன், ஒட்டன்சத்திரம்: காலையில் ஐந்து மண்டியில் மூட்டை இறக்குகிறேன். நான் எந்த மண்டியின் ஆள்?

கூலி வாங்கும்போது ஐவருக்கும் ஆள். கை முறிந்தால் ஒருவருக்கும் இல்லை. பாஞ்சாலிக்காவது ஐந்து பேரும் 'எங்கள் மனைவி' என்று ஒப்புக்கொண்டார்கள். 1982-ன் தமிழ்நாடு உடலுழைப்புத் தொழிலாளர் சட்டப்படி நல வாரியம் இருக்கிறது. முதலில் அங்கே பெயரைப் பதியுங்கள்.

கணக்குப்பிள்ளை, வத்தலக்குண்டு: பேசிக் 6,000, அலவன்ஸ் 14,000 என்று ஆடிட்டர் சம்பளப் பட்டியல் போட்டுக் கொடுத்திருக்கிறார். செல்லுமா?

படிகள் மொத்தத்தில் பாதியைத் தாண்டினால், தாண்டிய தொகை சம்பளத்தில் வந்து விழும். ஆக 6,000 அல்ல, 10,000. பி.எஃப்., கிராஜுவிட்டி எல்லாவற்றுக்கும் இதுதான் அடிக்கணக்கு. ஆடிட்டரின் கற்பனைவளத்துக்கு விருது கொடுக்கலாம், விலக்கு கொடுக்க மாட்டார்கள்.

சூப்பர்வைசர், நத்தம்: எனக்கு மொத்தம் 30,000. இ.எஸ்.ஐ. சம்பள வரம்பு 21,000. நான் வெளியேதானே?

அவசரப்படாதீர்கள். வீட்டு வாடகைப்படி, பயணப்படி, ஓவர்டைம் எல்லாம் பாதி வரை கழியும். பேசிக்கும் பஞ்சப்படியும் சேர்ந்து 16,000 என்றால், சட்ட வாசகப்படி நீங்கள் உள்ளே. இத்தனை நாள் 'நான் ஸ்டாஃப்' என்று நிமிர்ந்து நடந்தீர்கள். பரவாயில்லை, நோய்க்குப் பதவி தெரியாது.

அவரே: வரம்பு ஏறுமா?

1948-ல் சட்டம் வந்தபோது வரம்பு 400 ரூபாய். 2010-ல் 15,000. 2017 ஜனவரியில் 21,000. 'ஏறப்போகிறது' என்ற பேச்சு மட்டும் வருடாவருடம் ஏறுகிறது. அரசிதழில் அச்சாகும்வரை அது டீக்கடைச் செய்தி.

மில் தொழிலாளி, குஜிலியம்பாறை: மாதாமாதம் பிடிக்கிறார்கள். கார்டை நீட்டினால் 'சந்தா வரவில்லை' என்கிறார்கள்!

அடுத்த மாதம் 15-ஆம் தேதிக்குள் கட்டியிருக்க வேண்டும். உங்கள் பணத்தைப் பிடித்துவிட்டுக் கட்டாமல் விட்டால் ஓராண்டுக்குக் குறையாமல் மூன்றாண்டு வரை சிறை, ஒரு லட்சம் அபராதம். முதலாளியிடம் இதைப் பக்குவமாகச் சொல்லுங்கள். சிறைக்குள் வைத்தியம் இலவசம் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

ஸ்டீல் கடைக்காரர், திருச்சி ரோடு: எல்லாருக்கும் தனியார் கம்பெனியில் குழுப் பாலிசி எடுத்துவிட்டால் இ.எஸ்.ஐ. வேண்டாம் அல்லவா?

வேண்டாம் என்று நீங்கள் சொன்னால் போதாது. மெடிக்ளெய்ம் ஆஸ்பத்திரி பில்லைக் கட்டும். படுத்த நாளின் கூலியை யார் கட்டுவது? இன்னொரு வேடிக்கை: 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் பாலிசிக்கு ஜி.எஸ்.டி. இல்லை, முதலாளி எடுக்கும் குழுப் பாலிசிக்கு 18 சதவீதம் அப்படியே. தனக்கு மட்டும் எடுத்தால் தள்ளுபடி, நாலு பேருக்குச் சேர்த்து எடுத்தால் தண்டம்!

இல்லத்தரசி, ஆத்தூர்: இ.எஸ்.ஐ. என்றால் வரிசையில் நிற்க வேண்டுமே?

இல்லாவிட்டால் அடகுக் கடையில் நிற்க வேண்டும். அங்கே வரிசை சீக்கிரம் நகரும்.

நூற்பாலைத் தொழிலாளி, தாடிக்கொம்பு: பெரிய வைத்தியம் என்றால் மதுரைக்கு எழுதிக் கொடுக்கிறார்கள். நியாயமா?

இல்லை. ஜுரத்தோடு அறுபது கிலோமீட்டருக்கு மேல் போவது வைத்தியம் அல்ல, யாத்திரை. ஆட்கள் கூடினால் வசதி கூடும் என்கிறது ஒரு பக்கம். வசதி வந்தால் ஆட்களைச் சேர்க்கிறேன் என்கிறார் முதலாளி. இருவருக்கும் நடுவே படுத்திருப்பவர் நோயாளி.

அரிசி ஆலை அதிபர், நிலக்கோட்டை: இந்தத் தொல்லையைக் கண்டுபிடித்த புண்ணியவான் யார்?

ஜெர்மனியின் பிஸ்மார்க், 1883. தொழிலாளி மேல் பாசத்தால் அல்ல, சோஷலிஸ்டுகள் மேல் பயத்தால். இந்தியாவுக்குத் திட்டம் வரைந்தவர் பேராசிரியர் பி.பி. அதார்கர், 1944. நேரு கான்பூரில் தொடங்கி வைத்தது 1952 பிப்ரவரி 24. நம் மாநிலத்துக்கு 1955-ல் கோவை வழியாக வந்தது. பிஸ்மார்க் காலத்தில் மூன்றில் இரண்டு பங்கைத் தொழிலாளியும் ஒரு பங்கை முதலாளியும் கட்டினார்கள். இந்தச் செய்தியைப் படித்ததும் உங்களுக்கு ஜெர்மனி பிடித்துப் போயிருக்குமே!

மேஸ்திரி, சாணார்பட்டி: நாற்பது தாண்டியவர்களுக்கு வருடம் ஒருமுறை இலவசப் பரிசோதனையாமே?

ஆமாம், பணிப் பாதுகாப்புத் தொகுப்பு என்ற இன்னொரு சட்டத்தில் வருகிறது, செலவு முதலாளியுடையது. வேலைக்குச் சேரும்போது 'முப்பத்தைந்து' என்று சொன்ன பல பேர் இப்போது ஆதாரைத் தேடுகிறார்களாம்.

ஹோட்டல் அதிபர், பழநி: பீகார் பையனுக்குச் சந்தா கட்டினேன். சொல்லாமல் ஊருக்குப் போய்விட்டான். பணம் தண்டமா?

இ.எஸ்.ஐ. எண் ஆயுளுக்கும் ஒன்றே. அங்கே வேலைக்குச் சேர்ந்தாலும் அதே எண்தான். பணம் தண்டமில்லை. அவன் ஏன் சொல்லாமல் போனான் என்பதைத்தான் யோசிக்க வேண்டும்.

கறாரான வாசகர், திண்டுக்கல்: சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள். பத்துப் பேர் வைத்திருக்கிறேன், சேர்வது லாபமா நஷ்டமா?

ஆளுக்கு 12,000 சம்பளம் என்றால் உங்கள் பங்கு மாதம் 3,900. இப்போது மறுபக்கம். இ.எஸ்.ஐ. இல்லாத இடத்தில் முப்பது வயதுத் தொழிலாளி வேலையில் இறந்தால், சம்பளத்தில் பாதியை 207.98 என்ற எண்ணால் பெருக்கி நஷ்டஈடு தர வேண்டும்: 12,47,880 ரூபாய், உங்கள் பையிலிருந்து. இருபத்தாறு வருடச் சந்தாவைவிட அதிகம். இ.எஸ்.ஐ. இருந்தால் அந்தச் சுமை இ.எஸ்.ஐ. கார்ப்பரேஷனுடையது. குடும்பத்துக்கு மாதாமாதம் பணம் போகும். கணக்கைச் சரிபார்த்துவிட்டு எனக்குப் பதில் எழுத வேண்டாம். 15-ஆம் தேதிக்குள் செலானில் எழுதுங்கள்.